வெயில் ஊரில் வெயில் கிடைக்காத இகுவானா

2023 ஜூலை 30. கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரு பயணியின் பெட்டியைச் சுங்க அதிகாரிகள் திறந்து பார்த்தார்கள். துளையிட்ட சின்னச் சின்ன டப்பாக்களுக்குள் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் உயிரோடு இருந்தன. அதற்கு மூன்று மாதம் முன்பு, ஏப்ரல் 28 அன்று, அதே கோலாலம்பூரிலிருந்து சென்னை வந்த ஒரு பெண்ணின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. 2019 அக்டோபரில் பாங்காக்கிலிருந்து சென்னை வந்தவர்களிடம் கங்காரு எலிகளோடு ஐந்து நீல இகுவானாக்கள் பிடிபட்டன. திருச்சியிலிருந்து எங்கள் ஊரான திண்டுக்கல் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்தான். பிடிபட்டவை செய்தியாகின்றன. பிடிபடாமல் வந்தவையும், முன்பே வந்தவை இங்கே ஈன்ற குஞ்சுகளும் கைமாறிக் கைமாறி நம் தெரு வரைக்கும் வந்து சேர்கின்றன.

பல்லி இனத்தோடு நமக்கு இருந்த பழக்கம் வேறு மாதிரியானது. வேலியில் ஓணான் தலையாட்டினால் கல்லை எடுப்போம். தென்னை ஈர்க்கின் நுனியில் கண்ணி போட்டுக் கழுத்தில் மாட்டி இழுப்பதைச் சிறுவர்கள் ஒரு கலையாகவே வைத்திருந்தார்கள். ராமருக்கு உதவியதாக அணிலுக்கு ஒரு கதை இருந்தது. ஓணானுக்கு வசவும் கல்லடியும் மட்டுமே மிச்சம். அப்படிப்பட்ட ஊரில் ஓர் இளைஞன் கடல் கடந்த நாட்டு ஓணானை வீட்டுக்குள் வைத்துப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான், தன் கையால் இலை ஊட்டுகிறான் என்று கேள்விப்பட்டபோது, தலைமுறை மாறிவிட்டது என்றே நினைத்தேன். சந்தோஷமாகத்தான் பார்க்கப் போனேன்.

“வாங்கண்ணே, நம்ம ஆளப் பாருங்க” என்று கூடத்துக்குள் கூட்டிப் போனான். ஜன்னலை ஒட்டி ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே ஒரு காய்ந்த கிளை, தண்ணீர்க் கிண்ணம், பச்சை இகுவானா. காலையில் அவனே முருங்கைக்கீரையும் செம்பருத்திப் பூவும் பறித்துப் போடுகிறான். சத்துக்கு அவித்த முட்டையும் உண்டு. கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள். எச்சில் என்று நினைத்து அவன் அம்மா தினமும் துடைக்கிறாராம். அது உப்பு. உடம்பில் மிகும் உப்பை இகுவானா மூக்கு வழியாகத் தும்மி வெளியேற்றும். உச்சந்தலையில் வெளிறிய ஒரு புள்ளி தெரிந்தது. மூன்றாவது கண் என்று சொல்லப்படும் அது உருவங்களைப் பார்க்காது. வெளிச்சத்தையும் நிழலையும் உணரும். மரக்கிளையில் படுத்திருக்கும் இகுவானாவுக்கு மேலிருந்து நிழல் விழுந்தால் பருந்து என்று பொருள். அந்தப் பையன் தொட்டியின் மூடியைத் திறந்து மேலிருந்துதான் கையை விட்டான். அது கண்களை மூடிக்கொண்டது. “தடவிக் குடுத்தா கண்ண மூடிச் சொக்கிப் போயிரும்ணே.” தப்பிக்க வழியில்லாத பிராணி கண்ணை மூடிக்கொள்வதற்கு அச்சமும் காரணமாகலாம் என்று அவனிடம் அப்போது சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறகு தொடையைக் காட்டினான். “வந்தப்ப ஈர்க்குச்சி கணக்கா இருந்துச்சு. இப்ப பாருங்க, எப்புடித் தெரண்டு கெடக்குன்னு.” பின்னங்கால்கள் உண்மையிலேயே பருத்துத்தான் இருந்தன. ஆனால் முன்னங்கால் விரல்கள் நடுங்கின. கீழ்த்தாடை குட்டையாகி, வாய் சரியாக மூடவில்லை.

அது கொழுப்பு இல்லை, நோய். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் இகுவானாவின் உடம்பு வைட்டமின் டி3-ஐ உருவாக்கிக்கொள்ளும். அது இல்லையென்றால் எவ்வளவு முருங்கைக்கீரை தின்றாலும் அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து உடம்பில் சேராது. ரத்தத்துக்குச் சுண்ணாம்பு வேண்டுமே, அதனால் உடம்பு தன் எலும்பையே கரைத்து எடுக்கிறது. எலும்பு மெலிந்த இடத்தில் நார்த்திசு மண்டிக் கால் தடிக்கிறது. தாடை ரப்பர் மாதிரி வளையத் தொடங்குகிறது. கடைசியில் கிளையிலிருந்து சாதாரணமாக இறங்கும்போதே கால் முறியும். பார்ப்பவர்களுக்கு அதுவரை அது நன்றாகத் தின்று தேறிய பிராணி.

மாசி பிறந்ததுமே மலைக்கோட்டைப் பாறை கொதிக்கத் தொடங்கும் ஊர் இது. சித்திரை, வைகாசியில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். இந்த ஊரில் ஓர் உயிர் வெயில் இல்லாமல் எலும்புருகுகிறது என்றால் காரணம் அந்த ஜன்னல் கண்ணாடிதான். வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடும் கண்ணாடி, எலும்புக்கு வேண்டிய அந்தக் கதிரை மட்டும் ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுகிறது. வெயில் படட்டும் என்று அன்போடு ஜன்னலோரம் வைத்திருந்தான் பையன். அதற்காகத் தொட்டியை மொட்டைமாடியில் கொண்டுபோய் வைத்தால் அது அடுப்பாகிவிடும். கொஞ்ச நேரத்திலேயே உள்ளே இருப்பது செத்துப்போகும்.

தென் அமெரிக்க மழைக்காட்டில் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. வெயில் வேண்டும்போது உச்சிக்கிளை, போதுமென்றால் இலைநிழல், ஆபத்தென்றால் கீழே ஓடும் ஆற்றில் ஒரே பாய்ச்சல். குடிக்கும் நீரில் பெரும்பகுதி இலையில் நின்ற ஈரம்தான். காற்றில் ஈரப்பதம் குறைந்தால் சட்டை சரியாக உரியாது, சிறுநீரகமும் கெடும். நம் கோடைக்காற்று துவைத்த வேட்டியை அரைமணியில் உலர்த்திவிடுவது. முட்டை வேறு சிறுநீரகத்துக்குச் சுமை. இகுவானா முழுக்க முழுக்க இலை தின்னும் பிராணி. இலையைச் செரிக்கும் நுண்ணுயிர்களைக்கூடக் குஞ்சுகள் பெரியவற்றின் சாணத்தைத் தின்றுதான் பெறுகின்றன. காடு அதற்கு வெளியே இருக்கும் இடமென்று எண்ணிவிட்டோம். வெயில், ஈரம், உயரம், கூட்டம் எல்லாம் சேர்ந்துதான் அதன் உடம்பு ஓடுகிறது. அதிலிருந்து பிராணியை மட்டும் பிரித்தெடுத்து விற்க முடிகிறது என்பதாலேயே அது தனியாக வாழும் என்று ஆகிவிடாது.

நாய்க்கு நோவு வந்தால் முனகும். மாடு தீனி எடுக்காது. பல்லி இனம் நோயைக் காட்டிக்கொள்ளாது. காட்டில் தளர்ச்சியைக் காட்டியது எதற்காவது இரையாகிவிடும். அதனால் நாம் கவனிக்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். கவனித்தாலும் எங்கே கொண்டுபோவது? நம் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைகளில் காலையில் நிற்பவை ஆடும் கறவை மாடும் கோழியும். ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய மருத்துவர் கிடைப்பது அரிது.

சட்டம் மெதுவாக வந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் உடும்பை முதல் பட்டியலில் வைத்துக் காத்தது. வெளிநாட்டுப் பிராணிகள் அதன் வரம்புக்குள் வரவில்லை. 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், வைத்திருப்பவர்கள் தாங்களாக முன்வந்து தெரிவிக்கலாம் என்றது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தெரிவித்தார்கள். 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள இனங்கள் நான்காம் பட்டியலில் சேர்ந்தன. இகுவானாவும் அதில் அடங்கும். 2024 பிப்ரவரியில் விதிகள் வெளியாயின. அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. இவை வேண்டிய ஏற்பாடுகள்தான், வரவேற்கிறேன். பதிவு செய்தவர் சட்டத்தின் பார்வையில் தப்பலாம். தொட்டிக்குள் இருப்பதன் எலும்பு அதனால் கெட்டிப்படாது.

சலித்துப்போனால் மலையில் விட்டுவிடலாமே என்று பலர் எளிதாகச் சொல்கிறார்கள். புளோரிடாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் தைவானின் தெற்குப் பகுதியிலும், தப்பியும் விடப்பட்டும் போன வளர்ப்பு இகுவானாக்கள் பெருகித் தோட்டங்களையும் கரைகளையும் பாழாக்கின. ஆசையாக வாங்கிய இனத்தையே இன்று அங்கே ஆள் வைத்துக் கொல்கிறார்கள். நமக்குப் பக்கத்தில் இருப்பது சிறுமலை. அங்கே பாறைகளில் வாழும் பெரிய பல்லி ஒன்றைத் தனி இனமென்று அறிஞர்கள் விவரித்ததே 2020-இல்தான்; ‘ஹெமிடாக்டைலஸ் சிறுமலையென்சிஸ்’ என்று நம் மலையின் பெயரையே அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். கடல்தாண்டிய ஓணானுக்குப் பணம் கொடுக்கும் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? மலையடிவாரத்து முள்காட்டில் ஆண் ஓணான் தொண்டையை விசிறியாக விரித்து ஆடுவதைப் பார்க்கக் காசு வேண்டாம், கூண்டு வேண்டாம், காலை வெயிலில் கொஞ்சம் பொறுமை போதும்.

இரண்டாம் முறை போனபோது பையனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முகம் வாடிப்போனான். “தெரிஞ்சு செய்வனாண்ணே?” என்று கேட்டான். அது உண்மை. விற்றவர் அவனிடம் சொன்னதெல்லாம், கீரை போட்டால் போதும் என்பதுதான். முட்டையை நிறுத்தினான். புற ஊதாக் குழல்விளக்கு வாங்கித் தொட்டியின் மூடிக்குப் பதில் வலை போட்டு மேலே மாட்டினான். காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறான். வளைந்த தாடை இனி நேராகாது.

இகுவானா நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து, இருபது வருடம் இருக்கும். ஆண் வாலோடு சேர்த்து ஐந்தடிக்கு மேல் வளரும். பையன் வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருக்கிறான். “இவன் பாட்டுக்குப் போயிருவான், நான் இத எப்புடித் தம்பி காபந்து பண்ணுவேன்?” என்று அவன் அம்மா கேட்டார். வனச்சரக அலுவலகத்தில் போய்ச் சொல்லச் சொன்னேன். சிறுமலைப் பக்கம் மட்டும் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள் என்றேன். அதுவரைக்கும் விளக்கை எப்போது போட வேண்டும் என்று அவர் கேட்டதற்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: பகலில் 12 மணி நேரம், இரவில் அணைத்துவிட வேண்டும், வருடத்துக்கு ஒருமுறையாவது, எரிந்துகொண்டிருந்தாலும், புதிதாக மாற்ற வேண்டும்.