இன்றைய எண்ணை நம்பாதே!

இன்று வந்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று தீர்ப்பு எழுதுகிறாயே, யார் கொடுத்தது உனக்கு அந்த அதிகாரம்? அந்த எண் இன்றைய உன்னைப் பற்றியதே அல்ல! நம்பிக்கை வரவில்லையா? ஈயைக் கேள்.

ஆம், ஈயைத்தான். உயிருள்ள செம்மறி ஆட்டின் தோலில் முட்டையிட்டு, புழுக்களைச் சதை தின்னவிடும் 'லூசிலியா குப்ரினா'. 1950களில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஏ. ஜே. நிக்கல்சன் என்ற பூச்சியியலாளர் இவற்றைக் கூண்டில் வளர்த்தார். புழுக்களுக்கு வேண்டியமட்டும் தீனி. ஈக்களுக்குச் சர்க்கரையும் தண்ணீரும் தாராளம். முட்டையிடத் தேவையான ஈரல் மட்டும் மொத்தக் கூண்டுக்கும் நாளுக்கு அரை கிராம். எண்ணிக்கை ஓரிடத்தில் வந்து நிற்கும் என்றுதானே நினைப்பாய்? நிற்கவில்லை. பல ஆயிரமாகப் பொங்கியது, சரிந்தது, 35–40 நாளில் மறுபடி பொங்கியது.

கூட்டம் நெரிந்தால் ஈரல் யாருக்கும் போதாது; முட்டை நின்றுபோகும். ஈக்கள் செத்துக் குறைந்ததும் மிஞ்சிய சிலவற்றுக்கு வயிறார ஈரல், முட்டை குவியும். ஆனால் முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்து வரச் சுமார் 15 நாள். அந்த நாட்களில் கூண்டில் சாவுதான் கண்ணில் படும். தீனிக்குள் புழுக்கள் கொழுத்துக்கொண்டிருப்பது, பறக்கிற ஈக்களை மட்டும் எண்ணுகிறவனுக்கு எப்படித் தெரியும்? நீ அப்படித்தான் உன்னை எண்ணிக்கொண்டிருக்கிறாய்!

1980இல் கர்னி, பிளைத், நிஸ்பெட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இந்தப் பொங்கிச் சரியும் கதையை ஒரு சமன்பாட்டில் அடக்கினார்கள். இன்று சேரும் ஈக்கள், 15 நாளுக்கு முந்தைய கூட்டத்தைப் பொறுத்தவை. இன்று சாகும் ஈக்கள், இன்றைய கூட்டத்தைப் பொறுத்தவை. வரவுக்குத் தாமதம் உண்டு, இழப்புக்குக் கிடையாது. உழைக்கிற எவனுக்கும் நடுவழியில் கைவிட்டுப்போன மாதிரி தோன்றுவது இதனால்தான். (நிக்கல்சன் 1969இலேயே மறைந்துவிட்டார். அவர் எண்ணிவைத்த கணக்குக்கே அத்தனை தாமதம்.)

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். 1948இல் ஹட்சின்சன் என்ற சூழலியலாளர், உயிரினங்களின் எண்ணிக்கை வளர்ச்சியைச் சொல்லும் சமன்பாட்டுக்குள் தாமதத்தை நுழைத்தார். அதில் வளர்ச்சி வேகத்தைத் தாமதத்தால் பெருக்கிப் பார். 0.37க்குள் இருந்தால் ஆட்டமே இல்லை. தாண்டினால் ஆடி அடங்கும். 1.57ஐயும் தாண்டினால் ஓயாத ஆட்டம்! ஒரு தேர்வு சொதப்பியதும் இரவெல்லாம் விழிப்பது, அடுத்தது நன்றாக வந்ததும் புத்தகத்தை மூடுவது. உன் பதற்றம்தான் இங்கே வேகம்; நீ நிற்பது அந்த 1.57க்கு அப்பால். தாமதத்தை உன்னால் குறைக்க முடியாது. பதற்றத்தைக் குறைக்க முடியும், குறைத்தே ஆகவேண்டும்!

பேனாவை எடு. உன்னை அழவைத்த அந்த எண்ணுக்கான படிப்பு எந்த மாதம் நடந்தது, அல்லது நடக்காமல் போனது? தேதி போட்டு எழுது. பக்கத்திலேயே இன்றைய தேதியைப் போட்டு, இன்று படித்ததையும் எழுது!