கதவை மூடியவர் யார்? தேவதாஸ் கதையும் திரைக்கண்ணீரின் அறமும்

காலத்தை வென்று நிலைத்த காதற் கதைகளை ஒருங்குவைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். அவற்றுட் பெரும்பாலானவை நிறைவேறாக் காதலின் கதைகளே. வெரோனா நகரத்து ரோமியோவும் ஜூலியட்டும், அராபியப் பாலைநிலத்து லைலாவும் மஜ்னுனும், பஞ்சாப் மண்ணின் ஹீரும் ராஞ்சாவும், வங்கத்துப் பார்வதியும் தேவதாசும் மொழியாலும் மதத்தாலும் காலத்தாலும் தம்முள் வேறுபட்டவர்கள். எனினும் அவர்களைப் பிரித்து நின்றது பெரும்பாலும் ஒன்றே. அது குடும்பம், குடும்பத்தின் வாயிலாகப் பேசிய பகையும் குலமும் செல்வமும் மானமும் ஆகும். இக்கதைகளைப் பேணி வளர்த்த சமூகங்களோ தம் பிள்ளைகளின் மணத்தை மிகுந்த கண்டிப்போடு காவல் செய்தவை. தம் வீட்டுக் காதலுக்கு இரங்காத பெரியோர் கதையிலே வரும் காதலுக்கு நெஞ்சுருகி அழுதனர். இன்றும் அழுகின்றனர்.

இந்த முரண்பாட்டை எவ்வாறு விளங்கிக்கொள்வது? கற்பனைக் காதலர்க்காகச் சிந்தும் கண்ணீருக்கு அறத்தின்பாற்பட்ட மதிப்பு ஏதேனும் உண்டா? அன்றி, அது செய்யத் தவறிய கடமைக்கு ஈடாக நாம் எளிதாகச் செலுத்திவிடும் ஒரு காசு மட்டுந்தானா? இவ்வினாவைத் தேவதாஸ் கதையையும் அதன் திரைவடிவங்களையும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சரத்சந்திர சட்டோபாத்தியாயர் (1876 – 1938) தம் இளமைக் காலத்தில் எழுதிய 'தேவதாஸ்' 1917ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. 1928இல் அது ஊமைப்படமாயிற்று. 1935இல் பி. சி. பருவா வங்கமொழியில் அதனை இயக்கித் தாமே தலைவனாக நடித்தார். அடுத்த ஆண்டில் வந்த இந்தி வடிவத்தில் கே. எல். சைகால் நடித்துப் பாடினார். 1953இல் வேதாந்தம் ராகவய்யாவின் இயக்கத்தில், நாகேஸ்வரராவும் சாவித்திரியும் நடித்த படம் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்தது. பருவாவின் படத்திலே ஒளிப்பதிவாளராகப் பணியாற்றிய பிமல் ராய் 1955இல் திலீப் குமாரைக் கொண்டு மீண்டும் இந்தியில் எடுத்தார். 2002இல் சஞ்சய் லீலா பன்சாலியும், 2009இல் 'தேவ் டி' என்ற பெயரில் அனுராக் காஷ்யப்பும் இதே கதையைக் கையாண்டனர். ஒரு சிறு நாவல் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகத் திரையை விட்டு அகலாதிருத்தல் தற்செயலன்று. தமிழ் பேசுவோரிடையே காதலில் தோற்றுத் தாடி வளர்த்துத் திரிபவனைக் குறிக்கும் பொதுப்பெயராகவே 'தேவதாஸ்' வழங்கி வருதல் நாம் அறிந்ததே.

நாவல் கூறுவது யாது? அயல்வீட்டுப் பிள்ளைகளாகிய தேவதாசும் பார்வதியும் சிறு வயது முதல் ஒன்றாக வளர்ந்தவர்கள். பார்வதி வீட்டார் மணப்பேச்சைத் தொடங்கியபோது நிலக்கிழாராகிய தேவதாசின் தந்தை மறுக்கின்றார். பெண்ணுக்குப் பணம் வாங்கும் குடும்பம் அது என்பதும், அடுத்த வீட்டிலே சம்பந்தம் செய்வது தமக்கு இழுக்கு என்பதும் அவர் வீட்டார் கண்ட குறைகள். பார்வதி தன் மானத்தைப் பணயம் வைத்து நள்ளிரவில் தேவதாசின் அறைக்குச் சென்று தன் உள்ளத்தை உரைக்கின்றாள். அவனோ பெற்றோரை எதிர்க்கத் துணிவின்றிக் கல்கத்தாவுக்குச் சென்று, தனக்கு அவள்மீது அத்தகைய பற்று இருந்ததில்லை என்று கடிதம் எழுதிவிடுகின்றான். பின்னர் வருந்தித் திரும்பி வருகையில் காலம் கடந்துவிடுகின்றது. வளர்ந்த பிள்ளைகளையுடைய ஒரு செல்வருக்கு அவள் இரண்டாந்தாரமாகின்றாள். இவன் குடியில் அழிந்து, இறுதியில் அவளுடைய ஊருக்கு வந்து, அவள் வீட்டுக்கு அண்மையில் ஒரு மரத்தடியில் யாரென்று அறியப்படாமலே உயிர்விடுகின்றான்.

இக்கதையைத் தமிழ்க் கவிதையியலின் துணைகொண்டு நோக்கின் ஒரு தெளிவு பிறக்கும். அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் வகுத்தார். பிறரால் இகழப்பட்டு எளியராதல் இளிவு. உற்றாரையும் உடைமையையும் இழத்தல் இழவு. முன்னைய நல்ல நிலை கெட்டு வேறாதல் அசைவு. நுகர்ச்சிக்கு வழியற்ற நிலை வறுமை. இவற்றைத் தேவதாஸ் கதையோடு பொருத்திப் பார்த்தால், பார்வதியின் கண்ணீர் முதன்மையாக இளிவின்பாற்பட்டது என்பதும், தேவதாசுக்காக நாம் சிந்தும் கண்ணீர் அசைவின்பாற்பட்டது என்பதும் புலனாகும். இவ்வேறுபாடு சிறியதன்று. இளிவுக்கு ஒரு செய்வினை முதல் உண்டு. யாரோ ஒருவர் இகழ்ந்தாலன்றி ஒருவர் இகழ்ச்சியுறுதல் இயலாது. ஆதலின் இளிவுக்காக அழுபவன் "இதனைச் செய்தவர் யார்?" என்று கேட்டே தீருவான். அசைவு அவ்வாறன்று. உயர்ந்தவன் வீழ்ந்தான் என்னுமளவிலே விதியின் மீதோ காலத்தின் மீதோ பழியைப் போட்டுவிட்டு நாம் அமைதியடையலாம்.

திரைவடிவங்கள் பலவும் இளிவின் கதையை அசைவின் கதையாக மாற்றியமைத்தன என்பது என் கருத்து. கதையின் நடுவிலே இருந்த பெண்ணின் அவமானம் ஓரத்துக்கு ஒதுங்க, ஆணின் வீழ்ச்சி நடுவே வந்து அமர்ந்தது. சைகாலின் குரலும், தமிழ்ப் படத்திலே கண்டசாலாவின் குரலும் அவ்வீழ்ச்சிக்கு மறக்கவியலாத இனிமையை ஊட்டின. துன்பம் இனிமையாகும்போது அதன் காரணத்தைத் தேடும் வேட்கை மங்கிவிடுகின்றது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். மணத்துக்கு முன்னர், தன்னை ஏற்க மறுத்த பார்வதியின் நெற்றியில் தேவதாஸ் தூண்டிற்கோலால் அடித்துக் காயப்படுத்தும் நிகழ்ச்சி நாவலில் உண்டு. தன் கோழைத்தனத்துக்கான தண்டனையை அவள்மீது சுமத்தும் ஒருவனின் வன்செயல் அது. 2002ஆம் ஆண்டுப் படத்தில் தூண்டிற்கோலின் இடத்தை முத்துமாலை பெற்றுவிட்டது. மணக்கோலத்திலிருக்கும் அவளுடைய நெற்றிக் காயம் அங்கே அணிகலன்போலத் தோன்றுகின்றது. அதே படத்தில் தலைவனின் அண்ணியார் சூழ்ச்சிக்காரியாக வளர்க்கப்படுகின்றார். கொடியவள் ஒருத்தி கிடைத்துவிட்டமையால் நிலவுடைமைக் குடும்பத்தின் சாதாரண வழக்கமும், அதற்கு அடங்கிப்போன மகனின் துணிவின்மையும் குற்றக்கூண்டிலிருந்து தப்பிவிடுகின்றன.

சந்திரமுகியின் நிலையும் இவ்வாறே. தன் தொழிலைக் கைவிட்டுச் சிற்றூரில் எளிய வாழ்வு வாழ்ந்து, பின்னர் தேவதாசைத் தேடிக் கண்டுபிடித்துப் பேணும் அவள், கதைமாந்தருள் செயல் துணிவு மிக்கவள். 1955ஆம் ஆண்டுப் படத்தில் அப்பாத்திரத்தை ஏற்ற வைஜயந்திமாலாவுக்குத் துணைநடிகைக்கான பிலிம்பேர் விருது அறிவிக்கப்பட்டபோது, தம் பாத்திரம் தலைவியின் பாத்திரத்துக்கு இணையானது என்று கூறி அவர் அதனை ஏற்க மறுத்தார். இதனை ஒரு நடிகையின் தன்மானமாக மட்டும் கொள்ளலாகாது. இக்கதையில் யாருடைய துன்பம் முதன்மையானது என்ற திறனாய்வு வினாவும் அம்மறுப்பில் அடங்கியுள்ளது.

எனினும் திரைப்படம் நாவலைக் குறைத்தது என்று மட்டும் கூறுதல் நேர்மையாகாது. நாவலின் முடிவில், இறந்தவன் யாரென அறிந்து ஓடிவரும் பார்வதியை வீட்டார் தடுக்க அவள் மயங்கி வீழ்கின்றாள். பிமல் ராயின் படத்திலும் பன்சாலியின் படத்திலும் அவள் ஓடிவர ஓடிவர மாளிகையின் பெருங்கதவு மூடப்படுகின்றது. எழுத்திலே ஒரு தடுப்பாக இருந்தது திரையிலே ஒரு குறியீடாக வளர்ந்தது. விதி கதவை மூடுவதில்லை, கைகள் மூடுகின்றன. அவை ஏவலரின் கைகள். ஏவலருக்குக் கட்டளையிட்டவர் வீட்டுத் தலைவர். அவருக்கு அவ்வுரிமையை வழங்கியது ஊர். காண்போர் அனைவரும் அழும் அந்த இடத்திலேதான் காரணத்தை நோக்கிய வினாவும் மீண்டும் எழ இடமுண்டு. கதவை மூடியவர் யார்?

இங்கு அறவியலாரின் தடை ஒன்றை எதிர்கொள்ளல் வேண்டும். பிளேட்டோ தமது 'குடியரசு' என்னும் நூலின் பத்தாம் பகுதியில், வற்றச் செய்ய வேண்டிய உணர்ச்சிகளுக்குக் கவிதை நீரூற்றி வளர்க்கின்றது என்று குற்றஞ்சாட்டினார். 1758இல் தலம்பேருக்கு எழுதிய கடிதத்தில் ரூசோ இன்னும் கூர்மையாக வாதிட்டார். அரங்கிலே கற்பனைத் துன்பத்துக்காக அழுபவன் அக்கண்ணீரினாலேயே மனிதநேயத்தின் கடனைச் செலுத்திவிட்டதாக நிறைவு கொள்கின்றான். தன்னிடமிருந்து எதனையும் கொடுக்காமலே நல்லவன் என்ற இன்பத்தைப் பெற்றுவிடுகின்றான் என்பது அவர் வாதத்தின் சாரம். அரங்கில் அழுதுவிட்டு வீட்டில் மகளின் காதலைக் கேட்டுச் சீறும் தந்தையை நினைக்கையில் ரூசோவின் கூற்றை எளிதாக மறுத்துவிட முடியாது.

ஆயினும் ரூசோ ஒன்றைக் கவனியாது விட்டார் என எண்ணுகின்றேன். கண்ணீர் செயலன்று என்பது உண்மையே. ஆனால் அது ஒரு சாட்சி. பார்வதிக்காக அழுதவர், "அவளை இவ்வாறு நடத்தியது தவறு" என்ற தீர்ப்பைத் தம் உள்ளத்தில் ஏற்கெனவே வழங்கிவிட்டார். குலத்தையும் பணத்தையும் நிறுத்த தராசிலே ஒரு பெண்ணின் உள்ளத்தை வைக்காமற் போனது கொடுமை என்று அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். இனி, தம் வீட்டிலே அதே தராசைத் தூக்கும்போது, "இது தவறென எனக்குத் தெரியாது" என்று அவர் கூறமுடியாது. அழாதவருக்கு அறியாமை ஒரு சாக்காகலாம். அழுதவருக்கு அச்சாக்கு இல்லை. ஆகவே கண்ணீர் கடமையைத் தீர்ப்பதில்லை, கடமையைத் தோற்றுவிக்கின்றது. திரையரங்கை விட்டு வெளியேறுபவர் கடன் தீர்த்தவராக அன்றி, கடன்பட்டவராகவே வெளியேறுகின்றார்.

இதற்கு மறுமொழியாகப் பெற்றோர் கூறக்கூடியதையும் புறக்கணித்தலாகாது. "தேவதாசைப் போன்ற துணிவற்ற ஒருவனை நம்பி என் மகளை எவ்வாறு ஒப்படைப்பேன்? இக்கதை என் அச்சத்தையன்றோ மெய்ப்பிக்கின்றது?" என்று அவர் வினவலாம். நியாயமான வினா இது. காதல் எனப்படும் ஒவ்வொன்றும் மணத்தில் முடிதல் வேண்டும் என எவரும் வாதிடார். ஆனால் கதையைச் சற்று உற்று நோக்குவோம். தேவதாசின் துணிவின்மை எங்கிருந்து வந்தது? எதிர்த்துப் பேசுதலே பாவம் எனக் கற்பித்த வீட்டிலிருந்து வந்தது. தவிர, அவன் தகுதியற்றவன் என்ற காரணத்துக்காகப் பார்வதி வேறிடத்தில் மணம் முடித்துவைக்கப்படவில்லை. அவளுடைய குடும்பம் தகுதியற்றது என்று அவன் வீட்டார் எண்ணியமையே காரணம். அவளுக்கு வாய்த்த கணவர் வயதால் அவளுக்குத் தந்தை போன்றவர். இத்தனை முடிவுகளுள் ஒன்றிலேனும் அவளுடைய விருப்பத்தைக் கேட்டவர் இலர். மகள் கேட்டதெல்லாம் கொடுக்கப்பட வேண்டும் என்பதன்று அறம். மகளைப் பற்றிய முடிவில் மகளின் சொல்லும் கேட்கப்படல் வேண்டும் என்பதே அறம்.

2009இல் வந்த 'தேவ் டி' இவ்விடத்தில் பொருத்தமுறுகின்றது. பெற்றோரின் தடையால் அன்றி, அவளைப் பற்றிய அவதூற்றை நம்பியே அதில் தலைவன் காதலியைக் கைவிடுகின்றான். பழி வெளியே தேடப்படாமல் அவனுடைய ஆணாதிக்க மனத்திலேயே காணப்படுகின்றது. இறுதியில் அவன் இறப்பதுமில்லை. மாளிகை வாயிலில் நேரும் மரணம் இன்றியும் இக்கதை உயிரோடிருக்கும் என்பதை அப்படம் காட்டிற்று. எனவே இக்கதையின் நிலைபேற்றுக்குக் காரணம் சாவின் அழகு மட்டுமன்று. அன்புக்கும் வழக்கத்துக்கும் இடையே தீராதிருக்கும் வழக்கே அதன் உயிர்நிலை. அவ்வழக்குத் தீரும்வரை ஒவ்வொரு தலைமுறையும் இக்கதையை மீண்டும் எடுத்துக்கொள்ளும்.

நம்மிடையே அவ்வழக்குத் தீர்ந்துவிட்டதா? வங்கத்துக் கதையிலே பெண்ணுக்குப் பணம் பெற்றமை இழுக்காயிற்று. யாழ்ப்பாணத்துச் சீதன வழக்கத்திலே பணம் செல்லும் திசை வேறு. ஆனால் தராசு ஒன்றே. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் மணமகள், மணமகன் தேவைப் பகுதியைப் படிப்போர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை. சாதியும் சாதகமும் தொழிலும் அங்கே வரிசையாக நிற்க, சேர்ந்து வாழவிருக்கும் இருவரின் உள்ளத்துக்கு அவ்வரிசையில் இடமில்லை. அவ்விளம்பரங்களை எழுதிக் கொடுப்போருள் தேவதாசுக்காக அழுதவர் பலர் இருப்பர்.

அவர்களைப் போலிகள் என்று ஏளனஞ் செய்தல் எளிது. அதனாற் பயன் விளையாது. அவர்கள் உண்மையாகவே அழுதவர்கள். அவ்வுண்மையையே நாம் முதலாகக் கொள்ளல் வேண்டும். இலக்கியம் கற்கும் மாணவர்க்கு இதில் ஒரு பணி உண்டு. இத்தகைய படங்களை வெறும் உணர்ச்சிப் பெருக்கென ஒதுக்கிவிடுதல் திறனாய்வாகாது. அங்கு சிந்தப்பட்ட கண்ணீர் யாருக்காக, எதன் பொருட்டு என்று வகுத்துக் காட்டுதலே திறனாய்வாகும். அசைவுக்காக அழுதவர் இளிவையும் காணுமாறு செய்தல் வேண்டும். அவ்வாறு கண்டவர், தம் வீட்டு வாயிற்கதவின் மீது தமது கை இருப்பதையும் காண்பார். அக்கையை எடுப்பதா, கதவை மூடுவதா என்பது அதன்பின் அவர் ஒருவரே விடைகூற வேண்டிய வினாவாகும்.