திருநாதர்குன்றும் வாட்ஸ்அப் குழுவும்

செஞ்சிக்கு வருகிறவர்கள் எல்லோரும் கோட்டை நிற்கும் ராஜகிரி மலையைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 மராத்தியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சிக் கோட்டை ஒன்றுதான். ஊருக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் திருநாதர்குன்றில் அவ்வளவு கூட்டம் இல்லை. அங்கே ஒரு பாறையில் சமணரின் 24 தீர்த்தங்கரர்களும் புடைப்புச் சிற்பங்களாக அமர்ந்திருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த இடம் இது என்று அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு சொல்கிறது. யார், என்ன செய்தார், எத்தனை நாள்: அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. உளி பிடித்தவனுக்கு ஒவ்வோர் எழுத்தும் வியர்வை. வளவளக்க மனம் வராது.

விரலால் தட்டுகிறவருக்கு அந்தத் தடை இல்லை. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் காலையில் ‘வணக்கம் சார்’ என்று ஒரு செய்தி வரும். ஐந்து நிமிடம் கழித்து ‘ஒரு சின்ன விஷயம்’. பிறகு மூன்று நிமிடக் குரல்பதிவு. அதில் விஷயம் கடைசிப் பத்து விநாடியில் இருக்கும். இதே மனிதர் மின்னஞ்சல் எழுதினால் தலைப்பு போடுவார், நகல் யாருக்குப் போக வேண்டும் என்று யோசிப்பார், இணைப்பைச் சேர்த்தோமா என்று பார்ப்பார், ஒருமுறை படித்துவிட்டுத்தான் அனுப்புவார். கருவி மாறியதும் அந்த ஒழுக்கம் எங்கே போயிற்று?

இணைய நாகரிகத்தை எழுதி வைக்கும் முயற்சி புதிதல்ல. 1995 அக்டோபரிலேயே ஆர்.எஃப்.சி. 1855 என்ற ஆவணம் அதற்காக வெளிவந்தது. ஆனால் அது பண்பைப் பற்றிய பேச்சு. செஞ்சியை அடுத்த மேல்சித்தாமூரில் மடம் வைத்திருக்கும் தமிழ்ச் சமணர்களின் மரபில் கேள்வி இன்னும் ஆழமானது: சொல் என்பது செயலா?

ஆம் என்கிறது சமணம். உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம், ஆறாம் அதிகாரத்தில், வினை வந்து சேரும் வழிகளுக்குக் கறாராகக் கணக்குப் போடுகிறது. எண்ணுதல், ஆயத்தமாதல், தொடங்குதல் என மூன்று. மனம், வாக்கு, உடல் என மூன்று. தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என மூன்று. சினம், செருக்கு, வஞ்சம், பேராசை என நான்கு. பெருக்கினால் 108. தணிக்கை அதிகாரிகூட இவ்வளவு நுணுக்கம் பார்க்க மாட்டார்!

இந்தக் கணக்கைக் கைப்பேசியில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் கூசுகிறது. எழுதி அனுப்பாமல் வைத்த வரைவு, ஆயத்தமாதல். ‘நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்’ என்பது செய்வித்தலுக்குப் பக்கத்தில் வருகிறது. சக ஊழியரைக் கேலி செய்த செய்திக்குக் கீழே போட்ட கட்டைவிரல் உடன்படுதல்.

‘வந்ததை அனுப்பினேன்’ என்ன செய்யும் என்பதற்குச் செஞ்சிக் கோட்டையே சாட்சி. 1690 முதல் 1698 வரை உள்ளே மராத்திய அரசர் ராஜாராம். வெளியே முகலாயப் படை. பேரரசர் ஔரங்கசீப் இறந்துவிட்டதாக அந்தப் படையின் முகாமில் ஒரு வதந்தி பரவியது. அந்தக் குழப்பத்தில் அவர் மகன் இளவரசர் காம்பக்ஷ் எதிரியோடு ரகசியமாகத் தொடர்பு வைக்க, உடனிருந்த முகலாயத் தலைவர் ஆசத் கானும் அவர் மகன் சுல்பிகர் கானும் இளவரசரையே காவலில் வைத்தார்கள். ஔரங்கசீப் இறந்ததோ 1707இல். அந்த வதந்தியைக் காதோடு காதாகக் கடத்திய ஒவ்வொருவரும் தான் கேட்டதைத்தானே சொன்னார்?

அதற்காக வாயை மூடிக்கொள்வது விடையாகாது. சமணம் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது: பேச்சை அடக்குவது வாக்குக் குப்தி, பேசும்போது கவனமாகப் பேசுவது பாஷா சமிதி. விடுப்பு கேட்டவருக்கு மூன்று நாளாகப் பதில் சொல்லாமல் நீல டிக்கோடு விட்டுவைக்கும் மேலாளர் மௌனவிரதம் இருக்கவில்லை. துறவிக்கு முழுமையான மகாவிரதம் என்றால் இல்லறத்தாருக்கு அளவான அணுவிரதம். அலுவலகத்தாருக்கும் அந்த அளவு போதும். முதல் வரியிலேயே விஷயத்தைச் சொல்வது, ஒருவருக்கானதை நாற்பது பேர் குழுவில் போடாதிருப்பது, இரவு பத்து மணிக்கு எழுதியதைக் காலையில் அனுப்புவது. மின்னஞ்சலில் கைவந்த பழக்கங்கள்தாம்.

தவறிப்போனால்? வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், பிறகு அழிக்கவும் செய்யலாம். நீக்கப்பட்டது என்ற தடம் மட்டும் நிற்கும். சமணரின் பிரதிக்கிரமணம் அழிப்பதில்லை. செய்த பிழையைத் தானே எடுத்துச் சொல்லி வருந்துவது அது. அலுவலகத்தில் நடப்பது வேறு. பழி சொல்வது நாற்பது பேர் பார்க்கும் குழுவில்; மன்னிப்புக் கேட்பது தனிச்செய்தியில்.