பிழையிலார் செலுத்தும் தண்டமா?

அறம் பற்றிய வினாக்கள் நூல்களில் மட்டும் எழுவதில்லை. ஆண்டுதோறும் இல்லத்திற்கு வரும் கட்டணச் சீட்டிலும் அவை அடங்கிக் கிடக்கின்றன. இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் கார் உண்டு. அதற்குக் காப்பீடும் உண்டு. சிவப்பு விளக்கிற்குக் கட்டுப்பட்டு நிற்கும் காரின் பின்புறத்தில் வேறொருவர் வந்து மோதுகிறார். எவருக்கும் காயமில்லை, பம்பர் மட்டும் உடைகிறது. நின்றிருந்தவர் தம் காப்பீட்டு நிறுவனத்திடம் செலவைக் கேட்டுப் பெறுகிறார். மறு ஆண்டு அவர் செலுத்த வேண்டிய தொகை உயர்ந்துவிடுகிறது. பிழை செய்யாதவர் ஏன் தண்டம் செலுத்த வேண்டும்? இதனைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

கார்க் காப்பீடு இருபகுதிகளை உடையது. பிறருக்கு நேரும் தீங்கை ஈடுசெய்யும் பகுதி, 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயமானது. நம் வாகனத்தின் சேதத்தை ஈடுசெய்யும் பகுதி நம் விருப்பத்தைப் பொறுத்தது. 'நோ கிளெய்ம் போனஸ்' எனப்படும் தள்ளுபடி இப்பின்னதற்கு மட்டுமே உரியது. இழப்பீடு கேளாத முதல் ஆண்டிற்கு 20 விழுக்காடு. பின்னர் 25, 35, 45 எனப் படிப்படியாக உயர்ந்து, ஐந்தாம் ஆண்டின் நிறைவில் 50 விழுக்காடாகும். ஒருமுறை இழப்பீடு பெற்றுவிட்டால், பிழை யாருடையதாயினும், தள்ளுபடி முழுவதும் நீங்கும் என்பதே பொது விதி. மீண்டும் அடிப்படியிலிருந்து ஏற வேண்டும்.

இதன் விளைவைக் கணக்கிட்டுக் காண்போம். சேதப் பகுதியின் முழுக் கட்டணம் ஆண்டுக்கு 8,000 ரூபாய் என்றும், அது மாறாதிருக்கிறது என்றும் கொள்வோம். 50 விழுக்காடு தள்ளுபடி உடையவர் 4,000 ரூபாய் செலுத்துவார். இழப்பீடு பெற்றபின் அவர் செலுத்துவது முறையே 8,000, 6,400, 6,000, 5,200, 4,400 ரூபாய். ஐந்தாண்டுகளில் அவர் கூடுதலாகக் கொடுப்பது 10,000 ரூபாய். பம்பரைச் சீர்செய்ய 7,000 ரூபாய் பெற்றிருப்பாராயின், முடிவில் அவருக்கு 3,000 ரூபாய் நட்டமே!

இது அநீதி என்று உடனே தீர்ப்புக் கூறிவிடலாமா? பள்ளிகளில் ஆண்டு விழாவின்போது ஒரு நாளும் தவறாமல் வந்த மாணவனுக்கு வருகைப் பரிசு வழங்குகிறோம். அருகில் அமர்ந்தவனிடமிருந்து அம்மை தொற்றிப் பத்து நாள் வாராதிருந்த மாணவனுக்கு அப்பரிசு கிடைப்பதில்லை. அவன் மீது குற்றமில்லை. ஆயினும் அவன் வரவில்லை. அதே மாணவனுக்கு நன்னடத்தைப் பரிசை மறுத்தால் மட்டுமே அது கொடுமையாகும். காப்பீட்டுத் தள்ளுபடியோ வருகைப் பரிசைப் போன்றது. அது கவனமாக ஓட்டியமைக்கான பரிசன்று. பொதுநிதியிலிருந்து எதையும் கேளாதிருந்தமைக்கான சலுகை. சிறுசிறு இழப்புகளுக்கெல்லாம் யாவரும் கேட்கத் தொடங்கினால் யாவருடைய கட்டணமும் உயருமன்றோ? அவ்வளவில் நிறுவனத்தின் வாதத்திலும் உண்மை உண்டு.

ஆயினும், இத்தள்ளுபடியை 'நல்ல ஓட்டுநருக்கான பரிசு' என்று புகழ்ந்து பேசும் வழக்கம் இருக்கிறதே, அங்கேதான் நாம் தடுமாறுகிறோம். நற்பண்பின் பெயரால் வழங்கியதைக் குற்றமின்றிப் பறித்தால் மனம் புண்படாதா? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில மக்கள் 1988இல் வாக்களித்து நிறைவேற்றிய காப்பீட்டுச் சட்டம், ஓட்டுநரின் பாதுகாப்பு வரலாற்றையே கட்டணத்தின் முதல் அளவுகோலாக்கியது. தம்மீது முதன்மைப் பிழை இல்லாத விபத்திற்காக ஒருவரின் கட்டணத்தை உயர்த்துவதும் அம்மாநிலத்தில் தடுக்கப்பட்டுள்ளது. ஆகவே வேறு வழி இல்லை என்பதற்கில்லை.

நம் நாட்டில் மோதியவர் மீதும் அவருடைய காப்பீட்டு நிறுவனத்தின் மீதும் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோரலாம். ஆனால் ஏழாயிரம் ரூபாய்க்காக வழக்காடும் பொறுமை எத்தனை பேருக்கு உண்டு? இந்நிலையில் சிலர் குறுக்கு வழியை நாடுகின்றனர். நிறுவனத்தை மாற்றி, 'சென்ற ஆண்டு இழப்பீடு பெறவில்லை' என்று படிவத்தில் பொய்யாக எழுதிக் கையொப்பமிடுகின்றனர். உண்மை வெளிப்பட்டால் சேதப் பகுதியின் பயன்களை இழக்க நேரிடும். அது கிடக்கட்டும், அகப்படாவிட்டால் மட்டும் அது சரியாகிவிடுமா? பொய்யாமை, கள்ளாமை என்னும் இரு அணுவிரதங்களும் அந்த ஒரு கையொப்பத்தில் குலைகின்றன. நமக்கு இழைக்கப்பட்ட தீங்கு, நாம் பிறருக்கு இழைப்பதற்கு உரிமைச் சீட்டு ஆகாது.

அவ்வாறாயின் கடமை யாருடையது? மோதியவருடையது. "இன்ஷூரன்ஸ்தான் இருக்கிறதே, வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி வண்டியைக் கிளப்பிச் செல்வது மிக எளிது. அச்சொல்லால் அவர் தம் பிழையின் விலையை, ஐந்தாண்டுத் தவணையில் செலுத்துமாறு குற்றமற்றவர் தலையில் ஏற்றிவிடுகிறார். சட்டம் அவரைத் துரத்தாமல் இருக்கலாம். மனச்சான்று துரத்த வேண்டும்.

நம் வீட்டுப் பிள்ளைகள் கார் ஓட்டப் பழகும்போது கிளட்சையும் பிரேக்கையும் மட்டும் கற்பித்தால் போதாது. பிறர் வாகனத்தில் மோத நேர்ந்தால் இறங்கிச் சென்று, பெயரும் முகவரியும் தந்து, பழுதின் செலவோடு அவர் இழக்கும் தள்ளுபடிக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதையும் கற்பிப்போமாக. பிழையிலார் செலுத்தும் தண்டம் அன்றே குறையத் தொடங்கும்.