பாட்டியின் கோப்பை

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பழைய வீட்டைப் பிரித்தபோது, கொல்லைக் குப்பைக் குழியில் ஒரு பீங்கான் கோப்பையின் துண்டுகள் அகப்பட்டன. நீலப் பூப் போட்டது. அடியில் இங்கிலாந்து முத்திரை. 1927இல் ராஜபாளையம் வந்த காந்தியடிகளைப் பார்த்த நாள் முதல் கதரைத் தவிர வேறு உடுத்தாத என் பாட்டியின் வீடு அது. சீமைச் சாமான் தன் வாசற்படி ஏறியதில்லை என்று சாகும்வரை சொன்னவள். பாட்டி பொய் சொன்னாளா?

இதே கேள்வி வேறொரு தேசத்திலும் எழுந்திருக்கிறது. அமெரிக்காவில் மார்மன் என்ற சமயத்தார், இருந்த ஊரைவிட்டு விரட்டப்பட்டு, 1847இல் யூட்டாவின் உப்பு ஏரிக் கரையில் குடியேறினார்கள். வேண்டியதை நாமே செய்துகொள்வோம் என்பது அவர்கள் தலைவர் பிரிகம் யங்கின் உபதேசம். 1861இல் பருத்தி பயிரிடவென்றே சுமார் 300 குடும்பங்களைத் தெற்கே அனுப்பினார். நம் கதர் இயக்கத்துக்கு அறுபது வயது மூத்த விரதம்! ஆனால், பின்னாளில் அந்தக் குடியிருப்புகளின் குப்பையைத் தோண்டியவர்களுக்குக் கிடைத்தவற்றில் இங்கிலாந்துப் பீங்கானும் உண்டு.

அவர்களுடைய ஆர்டர்வில் என்ற ஊரில் 1875 முதல் எல்லாம் பொதுச்சொத்து. உடையும் ஊரில் நெய்ததுதான். ஓர் இளைஞன், ஆட்டுக்குட்டிகளின் அறுத்த வால்களிலிருந்து ரோமத்தைச் சேர்த்து இரகசியமாக விற்று, கடையில் கால்சட்டை வாங்கிவிட்டானாம். பெரியவர்கள் கூடி விசாரித்தார்கள். தண்டனை? அந்தக் கால்சட்டையைப் பிரித்து, அதே மாதிரியில் ஊருக்கெல்லாம் தைக்கச் சொன்னார்கள்! எனக்கு அந்தப் பெரியவர்களைப் பிடித்திருக்கிறது.

குப்பையைக் கிளறி ஒருவரைப் போலி என்று சொல்லிவிடுவது சுலபம். குப்பை, வாங்கியதைச் சொல்லும். வாங்காமல் விட்டதைச் சொல்லாது. எத்தனை சீமைச் சேலைகளைப் பாட்டி ஆசையோடு பார்த்துவிட்டுத் திரும்பினாளோ, அதற்கு எந்தக் குழியில் சாட்சி தேடுவது? போகட்டும்; சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் பக்கம் வந்த கம்போடியாப் பருத்தியே அமெரிக்க இனந்தானே! அதை ராட்டையில் நூற்றால் கதர் இல்லை என்று ஆகிவிடுமா?

அவள் கோப்பை வைத்திருந்தது எனக்குக் குறையாகப் படவில்லை. அதை மறைத்தாளே, அதுதான் உறுத்துகிறது. கதர்ப் பாட்டி, கதர்ப் பாட்டி என்று தெருவே கொண்டாடியது. நாங்களும் பெருமையோடு கூடவே சொன்னோம். அத்தனை புகழுக்கு நடுவே ஒரு கோப்பையை எடுத்து வெளியே வைக்க யாருக்குத் துணிவு வரும்? வீட்டில் எல்லோரும் கண்ணயர்ந்த மத்தியானத்தில்தான் அவள் அதில் காபி குடித்திருப்பாள்.