ஒட்டுப்பலகையும் உயிர்ப்பின் நம்பிக்கையும்

ஐப்பசி மழை விடாது பெய்துகொண்டிருந்த ஒரு மாலைப்பொழுது. பங்கின் எளிய குடும்பம் ஒன்றின் தலைவரை அடக்கம் செய்யக் கல்லறைத் தோட்டத்தில் கூடியிருந்தோம். செபங்கள் முடிந்தன. தீர்த்தம் தெளித்தேன். இளைஞர் நால்வர் பெட்டிக்கு அடியில் கயிறு கொடுத்துத் தூக்கினர். பெட்டி குழிக்கு மேலாக வந்த அந்தக் கணத்தில் அதன் அடிப்பலகை ஒரு பக்கம் விட்டுத் தொங்கியது. வெண்துணியில் பொதிந்திருந்த கால்கள் வெளியே தெரிந்தன. இறந்தவரின் மனைவி எழுப்பிய ஓலம் இன்றும் என் காதில் நிற்கிறது. எப்படியோ தாங்கிப் பிடித்து உடலை உள்ளே இறக்கினோம். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில் அந்தப் பெட்டியை வாங்கச் சொன்னவன் நான்.

முந்திய நாள் அவருடைய மூத்த மகன் என்னிடம் வந்திருந்தான். தேக்குப் பெட்டி வாங்க வேண்டும், தங்கையின் தோட்டை அடகு வைக்கப் போகிறோம் என்றான். “மண்ணுக்குள் போவதற்கு எந்தப் பெட்டியானால் என்ன, தம்பி? இருப்பதில் மலிவானதை வாங்கு. மீதியை அம்மாவுக்கு வைத்திரு” என்றேன். அவனும் கீழ்ப்படிந்தான். கடையில் தேக்கைப் போலவே பளபளத்த ஒரு பெட்டி மலிவாகக் கிடைத்தது. மேலே தேக்கின் வரிகள் அச்சிட்ட தாள். உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த துகள்பலகை. மழைநீரில் அது சோறுபோல் ஊதிற்று. திருகாணிகள் பிடி விட்டன.

எந்தப் பெட்டியானால் என்ன? கடனுக்கு அஞ்சி, நல்லெண்ணத்தோடு நான் சொன்ன அந்தச் சொல் சரியானதா? இக்கேள்வியை வாசக அன்பர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். ஆலையில் செய்யப்படும் பலகைகள் யாவும் ஒன்றல்ல. பிளைவுட் எனும் ஒட்டுப்பலகை, மரக்கட்டையைச் சுழலவிட்டுப் பென்சில் சீவுவதுபோல் உரித்தெடுத்த மெல்லிய ஏடுகளால் ஆனது. ஓர் ஏட்டின் நார் நெடுக்கிலும் அடுத்ததன் நார் குறுக்கிலும் அமையுமாறு ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடுக்கி, பசையிட்டு, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டுகிறார்கள். அதனால் அது எளிதில் பிளவுபடாது. துகள்பலகையோ மரச்சீவலையும் தூளையும், சில ஆலைகளில் கரும்புச் சக்கையையும், பசையோடு கலந்து அழுத்தியது. எம்.டி.எஃப். என்பது மரத்தை நாராகப் பிரித்து அழுத்தியது, பார்வைக்கு வழவழப்பானது. பின்னிரண்டின் சாதாரண வகைகளும் நீர் பட்டால் ஊதும்; விளிம்பில் திருகாணி நன்றாகப் பிடிக்காது. பிரிட்டனில் இன்று விற்பனையாகும் சவப்பெட்டிகளில் பெரும்பாலானவை, மெல்லிய மர ஏடு ஒட்டிய இத்தகைய பலகைகளால் ஆனவையே. நம் ஊர்க் கடைகளிலும் கெட்டி மரத்தின் இடத்தை இவை பிடித்துவருகின்றன.

இதில் வருந்த வேண்டியது எதுவுமில்லை என்றே முதலில் தோன்றும். தேக்கு முதிரப் பல பத்தாண்டுகள் வேண்டும். ஒட்டுப்பலகைக்காக நம் உழவர்கள் வளர்க்கும் மலைவேம்போ சில ஆண்டுகளிலேயே வெட்டுக்கு வந்துவிடும். படைப்பைப் பேண வேண்டும் என்று திருச்சபை கற்பிக்கும் இந்நாளில், முதுமரம் ஒன்றை வெட்டி மூன்றாம் நாளே மண்ணில் புதைப்பது எவ்வகையில் பக்தி ஆகும்? ஏழையின் கடனும் குறைகிறது, காடும் பிழைக்கிறது. இவ்வாறு எண்ணித்தான் நானும் அந்த மகனுக்கு அறிவுரை சொன்னேன்.

மறைநூலும் பெட்டியைக் குறித்து மிகக் குறைவாகவே பேசுகிறது. தொடக்கநூலின் இறுதி வசனத்தில் யோசேப்பின் உடல் எகிப்தில் ஒரு பேழையில் வைக்கப்படுகிறது. உடன்படிக்கைப் பேழையைக் குறிக்கும் அதே எபிரேயச் சொல்தான் அங்கும் வருகிறது என்பது சிந்திக்கத் தக்கது. நயீன் ஊரின் கைம்பெண்ணுடைய மகன் சுமந்து செல்லப்பட்டது பாடையில். தச்சராக உழைத்த நம் ஆண்டவரோ பெட்டியே இல்லாமல் அடக்கம் செய்யப்பட்டார். ஒரு துணி, இரவலாகக் கிடைத்த ஒரு கல்லறை, அவ்வளவே. நம் முன்னோரில் ஏழைகள் பலர் பங்குக்குப் பொதுவான பெட்டியில் சுமந்து செல்லப்பட்டு, குழியருகே அதிலிருந்து எடுக்கப்பட்டு, பாயிலோ துணியிலோ சுற்றி அடக்கம் செய்யப்பட்டனர். அவர்களுக்கு உயிர்ப்பில் பங்கு குறைந்துவிடுமா? ஒருபோதும் இல்லை.

தூய மோனிக்கா, தம் உடலை எங்கு வேண்டுமானாலும் புதைக்கலாம், ஆண்டவரின் பீடத்தில் தம்மை நினைத்தால் போதும் என்றே மக்களிடம் கேட்டுக்கொண்டார். அவருடைய மகன் தூய அகுஸ்தினார், நோலா நகர் ஆயர் பவுலினுசுக்கு இறந்தோரைப் பேணுவது பற்றி எழுதிய நூலில், அடக்கச் சடங்கின் சிறப்பு இறந்தவருக்கு உதவுவதைவிட உயிரோடிருப்பவருக்கே ஆறுதல் தருகிறது என்று விளக்குகிறார். குருமடத்தில் இதைப் படித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அவர் அத்தோடு நிறுத்தவில்லை. அதற்காக இறந்தவர் உடலை இகழ்ந்து எறிந்துவிடலாகாது என்கிறார். தந்தையின் மோதிரமும் ஆடையும் பிள்ளைகளுக்கு அருமையானவை என்றால், அவர் அணிந்திருந்த உடல் அவற்றினும் நெருக்கமானதல்லவா? தூய ஆவியார் நற்செயல்களுக்குக் கருவியாகப் பயன்படுத்திய உடல் அல்லவா? இதுவே அவருடைய வாதம். நான் முதற்பாதியை நினைவில் வைத்திருந்தேன், மறுபாதியை மறந்துவிட்டேன். “எந்தப் பெட்டியானால் என்ன” என்ற என் சொல்லில் இருந்த குறை அதுவே.

இக்குறை எனக்கு மட்டும் உரியதன்று. 1784ஆம் ஆண்டில் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் யோசேப்பு ஓர் ஆணை பிறப்பித்தார். இறந்தோரைத் துணிப்பையில் இட்டுப் புதைக்க வேண்டும். பங்குக்கு ஒரு பொதுப்பெட்டி போதும். அதில் சுமந்து வந்து உடலை மட்டும் குழியில் இட வேண்டும். இதற்கென அடிப்பலகை கீழ்நோக்கித் திறக்கும் பெட்டிகளும் செய்யப்பட்டன. மரம் மிச்சமாகும், உடலும் விரைவில் மண்ணாகும் என்பது அரசரின் கணக்கு. கணக்கில் தவறில்லை. ஆயினும் மக்கள் கொதித்தெழுந்தனர். சில மாதங்களிலேயே, 1785இன் தொடக்கத்தில், ஆணை திரும்பப் பெறப்பட்டது. அம்மக்கள் பகட்டை விரும்பினார்கள் என்று நான் எண்ணவில்லை. தம் அன்புக்குரியவர் ஒரு விசையை இழுத்ததும் கீழே விழுவதைக் காண அவர்கள் மனம் ஒப்பவில்லை. நம் முன்னோரின் பொதுப்பெட்டியில் சிக்கனம் இருந்தது; ஆனால் உடலை எடுத்துக் குழியில் வைத்தவை உறவினர் கைகள். வேறுபாடு மரத்தில் இல்லை, கைகளில்தான் இருக்கிறது.

இதை இன்னும் தெளிவாக எனக்கு உணர்த்தியது அமெரிக்க நாட்டின் ஒரு சிறைச்சாலை. லூசியானா மாநிலத்தின் அங்கோலா சிறையில் ஆயுள் தண்டனை பெற்றோர் பலர் அங்கேயே இறந்து அங்கேயே புதைக்கப்படுகின்றனர். ஒரு காலத்தில் அட்டைப் பெட்டிகளில் புதைத்துவந்தார்கள். ஒருநாள் பெட்டியின் அடி கிழிந்து உடல் வெளியே விழுந்தது. அதன் பிறகே, கைதிகளே தம் தோழருக்குச் சவப்பெட்டி செய்யும் தச்சுக்கூடம் அங்கே உருவாயிற்று. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் நடந்ததே அங்கும் நடந்திருக்கிறது என்று அறிந்தபோது என் உடல் சிலிர்த்தது.

அக்கைதிகள் எடுத்துக்கொண்டது விலையுயர்ந்த மரமன்று. சாதாரண ஒட்டுப்பலகை. உள்ளே ஒரு மெத்தை விரிப்பு, மேலே ஒரு மரச்சிலுவை. அச்சிறைக்குச் சென்ற மறைபோதகர் ஒருவர் அப்பெட்டிகளின் எளிய அழகைக் கண்டு, தம் பெற்றோருக்கென இரண்டு செய்து தரும்படி கேட்டார். அவருடைய தந்தை உலகறிந்த பிராட்டஸ்டண்ட் மறையுரையாளர் பில்லி கிரகாம். 2007இல் அவருடைய மனைவியும் 2018இல் அவரும் கைதிகள் செய்த அந்த ஒட்டுப்பலகைப் பெட்டிகளிலேயே அடக்கம் செய்யப்பட்டனர். அதற்குமுன் அப்பெட்டி அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் வட்டமண்டபத்தில் மக்களின் அஞ்சலிக்காக வைக்கப்பட்டிருந்தது. கொலைக்குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர்களின் கைகள் அதில் பங்கு கொண்டிருந்தன. அது தேக்கைப்போல் நடிக்கவில்லை, ஒட்டுப்பலகையாகவே நின்றது. அதனால் அதன் மாண்பு சிறிதும் குறையவில்லை.

நம் திருச்சபையிலும் இதே எளிமை உச்சியிலிருந்தே வந்திருக்கிறது. சைப்பிரசு மரம், ஈயம், ஓக்கு மரம் என ஒன்றனுள் ஒன்றாக மூன்று பெட்டிகளில் திருத்தந்தையரை அடக்கம் செய்யும் வழக்கத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2024இல் நீக்கினார். 2025 ஏப்ரல் 26ஆம் நாள், உள்ளே துத்தநாகத் தகடு பதித்த ஒரே மரப்பெட்டியில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அந்த மழைநாளுக்குப் பின் எங்கள் பங்கின் முதிய தச்சர் ஒருவரிடம் சென்றேன். “ஆசாரியாரே, இந்தப் பலகைகளே கூடாதோ?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “சாமி, பலகை என்ன பாவம் செய்தது? சுமக்கத் தெரியாததைச் சுமக்க வைத்தார்கள். தூளை அடியில் போட்டுவிட்டு மேலே தேக்குப் படம் ஒட்டினால் அது யாரை ஏமாற்ற?” என்றார். பிறகு ஒரு துண்டுச் சுண்ணக்கட்டியால் தரையில் வரைந்து காட்டினார். எட்டடிக்கு நான்கடித் தாள் இரண்டு போதும். ஒன்றில் அடியும் மூடியும் தலைமாடும் கால்மாடும். மற்றதில் இரு பக்கங்கள். அடிப்பலகை 18 மில்லிமீட்டர்; கொதிநீரையும் தாங்கும் பசை இட்டதாக இருக்க வேண்டும். அதன் கீழே மூன்று குறுக்குச் சட்டங்கள். கயிறு அவற்றுக்கு அருகே வர வேண்டும். ஆணியை மட்டும் நம்பாமல் பசையும் திருகாணியும் சேர்த்து இட வேண்டும். “பெட்டி குழிவரை தாங்கினால் போதும், சாமி. ஆனால் குழிவரை தாங்கியே ஆக வேண்டும்” என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில் அவர் முழு ஒழுக்கவியலையும் சொல்லிவிட்டதாக எனக்குப் பட்டது. இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்கள் ஏழில் ஒன்று. தோபித்து, தெருவில் எறியப்பட்ட தம் இனத்தாரின் உடல்களைத் தம் உயிரைப் பணயம் வைத்து அடக்கம் செய்தார். அவர் எந்த மரத்தைப் பயன்படுத்தினார் என்று மறைநூல் சொல்லவில்லை. உணவை விட்டு எழுந்து சென்றார், தம் கைகளால் தூக்கினார் என்பதையே சொல்கிறது. இரக்கம் விலையில் இல்லை என்பது உண்மை. ஆனால் மலிவானதைத் தேர்ந்துகொள்வது ஒன்று. அலட்சியமாகச் செய்வது மற்றொன்று. ஏழைக்கு மலிவானது தேவை என்பதற்காக மட்டமானது போதும் என்று முடிவு செய்துவிடுகிறோம். செல்வருக்குப் பகட்டு சோதனை என்றால், நம் போன்ற அறிவுரையாளருக்கு இந்த அலட்சியமே சோதனை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்பலகைகளை ஒட்டும் பசைகள் பலவற்றில் பார்மால்டிகைடு எனும் வேதிப்பொருள் உண்டு. அது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என 2004இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. மூடிய பட்டறையில் முகத்துணி இல்லாமல் இப்பலகைகளை அறுக்கும் தொழிலாளி அந்தத் தூளைத்தான் மூச்சில் இழுக்கிறார். இறந்தவரின் உடலை மதிக்க நாம் செய்யும் பெட்டி, உயிரோடிருப்பவரின் உடலைக் கெடுக்குமானால் அந்த மரியாதைக்குப் பொருளில்லை. காற்றோட்டமான பட்டறையும் முகக்கவசமும் அந்த இரக்கச் செயலின் பகுதிகளே.

சில வாரங்களுக்குப் பின் அந்தக் கைம்பெண்ணின் வீட்டுக்குச் சென்றேன். மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “தோடு என் மகள் காதில்தான் இருக்கிறது, சாமி. நீங்கள் சொன்னதில் அதுவும் உண்டு” என்றார். அது மன்னிப்பா, ஆறுதலா, என்னை விட்டுக்கொடுக்க விரும்பாத பெருந்தன்மையா என்று இன்றளவும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது எங்கள் பங்கில் தேவைப்படுவோருக்கு ஆசாரியாரும் இளைஞர் சிலரும் ஒட்டுப்பலகையில் பெட்டி செய்து தருகின்றனர். பலகையின் விலையை மட்டும் பெறுகிறோம். அதுவும் இயலாதவரிடம் கேட்பதில்லை. மேலே வண்ணத்தாள் ஒட்டுவதில்லை. முதல் பெட்டியைச் செய்து முடித்ததும் ஆசாரியார் அதனுள்ளே ஏறிப் படுத்துக்கொண்டு, இளைஞர்களைத் தூக்கச் சொன்னார். அவர்கள் தயங்கினர், பின்னர் தூக்கிப் பட்டறையை ஒருமுறை சுற்றிவந்தனர். பலகை அசையவில்லை. இறங்கி வந்தவர் வேட்டியில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிவிட்டு, “தாங்கும்” என்றார்.

விதைக்கப்படுவது அழிவுக்குரிய உடல், எழுப்பப்படுவது அழியாத உடல் என்பது நம் நம்பிக்கை. விதைக்கும் உழவன் விதையைப் பொன்பெட்டியில் வைப்பதில்லை. வீசி எறிந்து மிதிப்பதுமில்லை. குனிந்து, கையால் இடுகிறான். இறந்தோருக்கு நாம் செய்யும் பெட்டியும் அப்படிக் குனிந்த கைகளின் வேலையாக இருக்கட்டும்.