தங்கவயலில் இரு நண்பர்கள்

பொன்னைத் தேடி மனிதன் எவ்வளவு ஆழம் செல்வான் என்பதை அறிய விரும்புபவர் கர்நாடகத்திலுள்ள கோலார் தங்கவயலைக் காண வேண்டும். தன்னைத் தேடி அவன் எவ்வளவு ஆழம் செல்ல வேண்டும் என்பதையும் அந்த ஊர் உணர்த்துகிறது.

கல்லூரி நாளிலிருந்தே நட்புக் கொண்ட இருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கு சென்றார்கள். ஒருவர் சென்னையில் வசிப்பவர். சாஸ்திர நூல்களில் ஈடுபாடு மிக்கவர். மற்றவர் தங்கவயலிலேயே பிறந்து வளர்ந்தவர். சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன். பங்காரப்பேட்டையிலிருந்து கிளம்பிய ரயில் கோரமண்டல், உரிகம், சாம்பியன் நிலையங்களைக் கடந்து மாரிக்குப்பத்தில் அவர்களை இறக்கிவிட்டது.

1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் இங்கு சுரங்கப் பணியைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் திரளாக வந்து குடியேறின. 1902-இல் சிவனசமுத்திரத்து அருவியிலிருந்து நீர்மின்சாரம் இந்தச் சுரங்கங்களுக்கு வந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேற்பட்ட பொன் எடுக்கப்பட்டது. செலவு வரவை விஞ்சிய நிலையில், 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. கூண்டுகளை இறக்கி ஏற்றிய இரும்புக் கோபுரங்களும், பொன்னைப் பிரித்தபின் கொட்டப்பட்ட சயனைடு மண்மேடுகளும் எஞ்சி நிற்கின்றன.

அந்த மேடு ஒன்றின் அடியில் நின்றபோது சென்னை நண்பர் பெருமூச்சு விட்டார். “பொன்னும் மண்ணும் ஒன்றே என்று ஞானிகள் கூறியது எவ்வளவு உண்மை! இத்தனை பேரின் பொன்னாசை கடைசியில் இந்தப் புழுதியாகத்தான் மிஞ்சியது. எல்லாம் மாயை!”

மற்றவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: “என் தந்தை முப்பது ஆண்டுகள் பூமிக்குள் இறங்கினார். பாறைத் தூசி அவர் நுரையீரலை அரித்தது. கடைசி இரண்டு ஆண்டுகள் அவரால் படுத்து உறங்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே இரவைக் கழித்தார். எங்கள் வீட்டில் குந்துமணித் தங்கம் இருந்ததில்லை. அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறுதான். அவரை இறங்க வைத்தது பொன்னாசை அன்று, எங்கள் பசி. அதையும் மாயை என்பாயா?”

சென்னை நண்பரின் கண்கள் தம் விரலில் இருந்த மோதிரத்தின்மேல் சென்றன. அவரால் பதில் சொல்ல இயலவில்லை.

சாஸ்திரம் கற்றோர் பலர் தவறும் இடம் இது. பற்றின்மை என்பது தன் கையில் உள்ளதைக் குறித்துத் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய உபதேசம். பிறர் பசியைப் பார்த்து அதைச் சொன்னால் அது வைராக்கியம் ஆகாது, கல்நெஞ்சமே ஆகும்.

அப்படியானால் தங்கவயல் புகட்டும் பாடம் யாது? சாந்தோக்கிய உபநிஷதம் தன் எட்டாம் அத்தியாயத்தில் ஓர் உவமை கூறுகிறது. நிலத்தின் இயல்பை அறியாதவர்கள், அதனடியில் புதைந்துள்ள பொன் புதையலின்மேல் பலமுறை நடந்தும் அதை அடைவதில்லை. அவ்வாறே உயிர்கள் ஆழ்ந்த உறக்கத்தில் நாள்தோறும் பிரம்மத்தைச் சேர்ந்தும் அதை அறியாமலே மீள்கின்றன. அறியாமை அவற்றை வேறு பக்கம் இழுத்துச் செல்கிறது.

சுரங்கத் தொழிலாளரும் நாள்தோறும் பொன் இருக்கும் இடத்திற்கே சென்றார்கள், வெறுங்கையுடனே மேலேறினார்கள். அவர்களைக் கண்டு இரங்குகின்ற மனிதன், தானும் ஒவ்வோர் இரவும் அவ்வாறே சென்று மீள்வதை உணர்வதில்லை. வயலுக்கு வடமொழியில் ‘க்ஷேத்திரம்’ என்று பெயர். இந்த உடலையே க்ஷேத்திரம் என்கிறது பகவத் கீதை. ஆகவே ஒவ்வொருவரும் ஒரு தங்கவயலைச் சுமந்தே நடமாடுகிறார்கள்.

அங்கே தோண்டுவது எளிதன்று. ஒரு டன் பாறையை உடைத்துப் பொடியாக்கினால் சில கிராம் பொன்னே கிடைக்கும். ஜபமும் தியானமும் அத்தகையவை. ஒரு மணி நேரம் அமர்ந்தும் ஒரு கணமே மனம் ஒருமைப்பட்டது என்று வருந்த வேண்டியதில்லை. அந்த ஒரு கணமே பொன்; மீதி நேரம் அதைச் சூழ்ந்த பாறை. பாறையை உடைக்காமல் பொன்னை எடுத்தவர் எவருமில்லை.

இன்னொரு செய்தியும் சிந்திக்கத்தக்கது. 1965-இல் இதே சுரங்கத்தின் ஆழத்தில், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ எனும் நுண்துகள்களின் சுவட்டை விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். பூமியின் மேற்பரப்பில் மற்றக் கதிர்கள் இடையறாது பொழிவதால் அந்த நுட்பமான சுவட்டைப் பிரித்தறிவது அரிது. மேலிருந்த பாறை அவற்றைத் தடுத்து நின்றதாலேயே அது புலப்பட்டது. புலன்களின் ஆரவாரம் அடங்கிய ஆழத்தில்தான் ஆன்மாவும் புலப்படும்.

ஆழம் செல்பவன் தனியே பொன் குவிக்கச் செல்வதில்லை. கூண்டில் தோளோடு தோள் ஒட்டி இறங்கியவர்கள் ஒருவர் உயிரை ஒருவர் நம்பியே பணி செய்தார்கள். எங்கோ ஒரு வீட்டுத் திருமணத்தில் ஒளிர்ந்த பொன் அவர்கள் மூச்சின் விலை. பலனைத் தாம் காணாமல் உழைத்தவர்களுக்குப் பலனை அனுபவித்தவர்கள் கடன்பட்டிருக்கிறார்கள். அந்தக் கடனை உணர்ந்து எளியவர்க்குச் செய்யும் சேவையே உண்மையான வழிபாடு.

மாலையில் இருவரும் அந்தத் தந்தை வாழ்ந்த லைன் வீட்டிற்குச் சென்றார்கள். தாழ்ந்த கூரை, சுவரில் தந்தையின் புகைப்படம். சென்னை நண்பர் காலணிகளைக் கழற்றி, கோயிலில் வணங்குவதைப் போலவே வாசற்படியைத் தொட்டு வணங்கினார். அன்று காலை முதல் அவர் பேசிய உபதேசங்கள் அனைத்திலும் அதுவே சிறந்தது.